எட்டாவது நகர்வைப் பார்த்துவிட்டு எடும்

தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. இணையத்தில், நகர்வுக்கு மூன்று நாள் என்ற கணக்கில், கடிதச் செஸ் ஆடத் தொடங்கியிருக்கிறார். கறுப்புக் காய் வந்தால் சிசிலியன் என்ற தொடக்க ஆட்டம், அதிலும் நைடார்ஃப் என்ற கிளை. "அது மனப்பாடக்காரரின் ஆட்டம், எதிராளி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டே உன்னை முடித்துவிடுவான்" என்று கூட ஆடுகிற பெடியள் சொல்கிறார்களாம். பி2 கட்டத்தில் நிற்கிற அந்த நஞ்சுச் சிப்பாயை எடுக்கலாமா, விடலாமா என்று கேட்கிறார்.

எடுக்கலாம், தம்பி. உலக சாம்பியன் பொபி ஃபிஷர் எடுத்தார், அவருக்குப் பிறகு எத்தனையோ பேர் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். நான் எடுத்த விதம்தான் பிழை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன். ஆம், இல்லை என்று ஒரு சொல் போதுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளும்.

பலகையை அடுக்கி வைத்துக்கொண்டு வாசியும். ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு. காயின் பெயர் இல்லையென்றால் சிப்பாய். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்வு. 1. இ4, சி5. 2. குதிரை எஃப்3, டி6. 3. டி4, கறுப்பு அந்தச் சிப்பாயை வெட்டும். 4. குதிரை டி4 இல் திரும்ப வெட்டும், கறுப்புக் குதிரை எஃப்6. 5. குதிரை சி3, ஏ6. ஓரத்துச் சிப்பாய் ஒரு கட்டம் நகரும் இந்த ஏ6தான் நைடார்ஃப். பார்த்தால் சும்மா நேரம் போக்குகிற நகர்வு போல இருக்கும். ஆனால் பி5 கட்டத்துக்கு வெள்ளையின் குதிரையும் மந்திரியும் இனி வர முடியாது, பிறகு கறுப்பே அங்கே பி5 என்று சிப்பாயைத் தள்ளலாம்.

பெயருக்குச் சொந்தக்காரரான மிகேல் நைடார்ஃப் போலந்துக்காரர். 1939 இல் செஸ் ஒலிம்பியாட் ஆட புவனஸ் அயர்ஸ் போனார். அவர் அங்கே நிற்கும்போதே ஊரில் யுத்தம் தொடங்கிவிட்டது. திரும்பிப் போகாமல் ஆர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார். வீட்டார் எல்லோரும் அந்த யுத்தத்தில் அழிந்து போனார்கள். 1947 இல் சாவ் பாவுலோவில் 45 பலகைகளைப் பார்க்காமலே ஒரே நேரத்தில் ஆடினார். பத்திரிகைகளில் பெயர் வந்தால், எங்காவது உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் கண்ணில் படாதா என்பதுதான் அவரது எண்ணம். நம்மூர் ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 6. மந்திரி ஜி5, இ6. 7. எஃப்4, ராணி பி6. இங்கேதான் கதை தொடங்குகிறது. வெள்ளையின் கறுப்புக்கட்ட மந்திரி சி1 ஐ விட்டு ஜி5 க்குப் போய்விட்டது. அது வீட்டில் இருந்திருந்தால் பி2 சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது காவல் இல்லை. கறுப்பு ராணி பி2 ஐயும் பார்க்கிறது, டி4 குதிரையையும் பார்க்கிறது. வெள்ளை வழக்கமாக 8. ராணி டி2 ஆடி, "வேண்டுமென்றால் எடு" என்கிறது. கறுப்பு எடுக்கிறது. 9. கோட்டை பி1, ராணி ஏ3.

இப்போது பலகையைப் பாரும். கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் வெளியே வந்திருப்பது ராணியும் ஒரு குதிரையும் மட்டும்தான், ராஜா நடுவிலேயே நிற்கிறது. வெள்ளைக்கு இரண்டு குதிரை, ஒரு மந்திரி, ராணி, பாதி திறந்த பி வரிசையில் கோட்டை எல்லாம் வேலைக்கு வந்துவிட்டன. ராணி ஏ3 இலிருந்து எங்கே போகலாம் என்று எண்ணிப் பாரும். ஏ4 போனால் குதிரை வெட்டும். பி4 போனால் கோட்டை வெட்டும். ஏ2 சிப்பாயைத் தின்னப் போனாலும் சி3 குதிரை வெட்டும். நல்ல கதவு இரண்டே இரண்டு: ஏ5, சி5. சிப்பாய்க்கு நஞ்சு என்ற பெயர் வந்தது இதனால்தான்.

இனி என் கதை. 1981 க்கு முந்திய ஒன்றிரண்டு வருடங்கள் பின்னேரங்களில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போவேன். 1972 இல் ரெய்க்யவிக்கில் பொபி ஃபிஷரும் பொரிஸ் ஸ்பாஸ்கியும் ஆடிய உலக சாம்பியன் பட்ட ஆட்டங்கள் உள்ள புத்தகம் ஒன்று அங்கே இருந்தது. இரவல் எடுக்க முடியாத புத்தகம். அதனால் 7 ஆவது ஆட்டத்தையும் 11 ஆவது ஆட்டத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டிலும் ஃபிஷர் கறுப்பு, இரண்டிலும் பி2 ஐ எடுத்தார். 7 ஆவது 49 நகர்வில் சமநிலை. 11 ஆவதில்தான் ஸ்பாஸ்கி 14 ஆவது நகர்வாக சி3 குதிரையைப் பின்னால் பி1 க்கே கொண்டுபோய் உலகத்தைத் திகைக்க வைத்தார். முன்னேறித் தாக்க வேண்டிய குதிரை லாயத்துக்குத் திரும்பிப் போகிறது! ஃபிஷரின் ராணி பி4, பி6, பி5 என்று அலைந்தது. 24 ஆவது நகர்வில் ஏ4 என்று ஒரு சாதாரணச் சிப்பாய் தள்ளுதல், ராணி போய்விட்டது. 31 ஆவதில் ஃபிஷர் கைவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தொடரில் அவர் பி2 ஐத் தொடவில்லை. 15 ஆவது ஆட்டத்தில் நைடார்ஃப் ஆடினார், ஆனால் மந்திரியை இ7 இல் வைத்து ஆடினார்.

கவனியும், நான் நகர்வுகளை மட்டும்தான் எழுதினேன். பக்கம் பக்கமாக இருந்த விளக்கத்தை எழுத நேரமில்லை, நூலகம் பூட்டுகிற நேரம். "பிறகு வந்து எழுதலாம்" என்று நினைத்தேன். 1981 ஜூன் 1 விடியும்போது நூலகம் எரிந்து முடிந்திருந்தது. ஏறத்தாழ 97,000 புத்தகங்கள். அதில் அந்த செஸ் புத்தகத்தைப் பற்றிக் கவலைப்படுவது வெட்கம்தான், ஆனாலும் பட்டேன்.

என் வகுப்புக் கூட்டாளி ஒருவன் 83 க்குப் பிறகு ஜேர்மனி போய்ச் சேர்ந்தான். 1985 தொடக்கத்தில் எயரோகிராமில் ஆட்டம் தொடங்கினோம். அவன் வெள்ளை. கடிதத்தின் அடியில் ஒரு மூலையில் நகர்வு, மேலே வீட்டு விஷயம். போக இரண்டு கிழமை, வர இரண்டு கிழமை, சில வேளை மூன்று. ஒரு நகர்வுக்கு ஒரு மாதம் என்று வையும். முதல் ஆறு நகர்வும் இருவருக்கும் தெரிந்ததுதான், ஒரே கடிதத்தில் பேசி முடித்திருக்கலாம். அந்தப் புத்தி அப்போது வரவில்லை.

கடிதச் செஸ்ஸுக்கு உலகம் முழுவதும் பொதுவான எண் குறியீடு ஒன்று இருக்கிறது. நெடுக்கு வரிசைக்கு ஓர் எண், குறுக்கு வரிசைக்கு ஓர் எண். இ2 இலிருந்து இ4 என்றால் 5254. எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். நானும் முதல் கடிதத்தில் அப்படித்தான் எழுதினேன். அப்பா கண்டுவிட்டார். "உதென்ன நம்பர்? வழியில ஆரும் பிரிச்சுப் பாத்தா என்னெண்டு நினைப்பாங்கள்? எழுத்தில எழுது" என்று கிழித்துப் போட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தணிக்கைக்காரர்கள் வெளிநாட்டுக்குப் போகும் செஸ் கடிதங்களையே நிறுத்தினார்கள் என்று பிறகு படித்தேன். அப்பா சொன்னது அவ்வளவு பைத்தியக்காரத்தனம் இல்லை.

வருடக் கடைசியில் ஏழாவது நகர்வுக்கு வந்துவிட்டோம். என் முறை, ராணி பி6. கொப்பியைப் பார்க்கிறேன். ஃபிஷரின் இரண்டு ஆட்டத்திலும் அடுத்தது வெள்ளை ராணி டி2, கறுப்பு பி2 ஐ எடுக்கிறது. ஒரு மாதத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று இப்படி எழுதினேன்: "7... ராணி பி6. 8. நீ எது ஆடினாலும் ராணி பி2 ஐ எடுக்கும்."

ஐந்து கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. "மச்சான், 8. ஏ3. நீ சொன்னபடி உன்ர ராணி பி2. 9. குதிரை ஏ4. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் எப்பிடி?"

விறாந்தையில் இருந்து பலகையைப் பார்த்தேன். தேத்தண்ணி ஆறிப் போச்சு. ராணிக்கு ஒரு கதவும் இல்லை. குதிரை ஏ4 இலிருந்து பி2 ஐத் தாக்குகிறது. ஏ3 சிப்பாயை வெட்டினால் ஏ1 கோட்டை வெட்டும். பி4 க்குத் தப்பினால் அதே ஏ3 சிப்பாய் வெட்டும். சி3 இல் செக் வைத்தால் குதிரை வெட்டும். பி5, பி3 இரண்டும் டி4 குதிரையின் கையில். ஏ1 கோட்டையையாவது எடுப்போம் என்றால், வெள்ளை ராணி இன்னும் டி1 வீட்டிலேயே இருக்கிறது, அது திரும்ப எடுக்கும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வெள்ளை 8. ராணி டி2 ஆடியிருந்தால், பி2 ஐ எடுத்த பிறகு குதிரை ஏ4 வேலை செய்யாது. ராணி வீட்டை விட்டுப் போனதால் ஏ1 கோட்டைக்குக் காவல் இல்லை, கறுப்பு ராணி அதைச் செக்கோடு எடுத்துவிடும். அதாவது ஃபிஷர் பி2 ஐ எடுத்தது துணிச்சலால் மட்டும் இல்லை, ஸ்பாஸ்கியின் ராணி டி2 இல் இருந்தது அவர் கண்ணில் பட்டதாலும்தான். என் கொப்பியில் ‘ராணி டி2’ என்று எழுதியிருந்தது. அது எதற்கு என்று எழுதியிருக்கவில்லை. வெள்ளை ராணி வீட்டில் இருந்து, சிப்பாய் ஏ3 க்கு வந்துவிட்டால், அந்தச் சிப்பாயைத் தொடக் கூடாது. 8... குதிரை சி6 என்று வெளியே வந்தால் போதும், கறுப்புக்கு ஒரு குறையும் இல்லை.

"எது ஆடினாலும்" என்பதில் விழுந்தது நான் மட்டும் இல்லை. தபால் செஸ்காரர்கள் காலங்காலமாகச் சொல்கிற கதை ஒன்று உண்டு. வெள்ளை 1. டி4. கறுப்பு ஜி6 ஆடி, "2. எது ஆடினாலும் மந்திரி ஜி7" என்று எழுதிவிட்டது. வெள்ளை 2. மந்திரி எச்6 ஆடியது. சொன்ன சொல் சொன்னதுதான், கறுப்பு மந்திரி ஜி7 க்கு வர வேண்டும். வெள்ளை அதை வெட்டி, மூலைக் கோட்டையையும் எடுக்கப் போகிறது. கடிதச் செஸ்ஸில் நிபந்தனை நகர்வு எழுதினால், எதிராளி அதை ஏற்றுக்கொண்ட பின் மாற்ற முடியாது. உம்முடைய இணையத் தளத்திலும் நிபந்தனை நகர்வு வசதி இருக்கும். நல்லவேளை, அங்கே ‘எது ஆடினாலும்’ என்று போட இடமில்லை, குறிப்பிட்ட நகர்வுக்குத்தான் பதில் போடலாம். அதையும் வெட்டுக்கு வெட்டு மாதிரி வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் பாவியும்.

இப்போது பெடியள் சொன்னதற்கு வருகிறேன். சிசிலியன் கடித ஆட்டத்துக்கு ஆகாது என்பது தலைகீழான பேச்சு. நேரில் ஆடும்போதுதான் நைடார்ஃப் மனப்பாடக்காரரின் ஆட்டம். மணிக்கூடு ஓடும், மறந்தால் செத்தோம். கடித ஆட்டத்தில் எதிராளி புத்தகத்தை விரிக்கலாம் என்றால் நீரும் விரிக்கலாம். லிசெஸ், செஸ்.காம் என்ற இணையத் தளங்கள் இரண்டிலும் நாள்கணக்கு ஆட்டங்களில் தொடக்க ஆட்டப் புத்தகமும் பழைய ஆட்டங்களின் தொகுப்பும் பார்ப்பதற்குத் தடை இல்லை. நகர்வைக் கணித்துச் சொல்கிற கணினி நிரலிடம், அதாவது எஞ்சினிடம், கேட்கத்தான் தடை. 1951 இல் தொடங்கிய சர்வதேசக் கடிதச் செஸ் கூட்டமைப்பின் போட்டிகளில் எஞ்சினுக்கும் தடை இல்லை. அங்கே மேல்மட்டத்தில் ஆட்டங்கள் பெரும்பாலும் சமநிலையில்தான் முடிகின்றன. எனக்கு அதில் ருசி இல்லை, ஆனால் அவர்கள் ஆராய்கிற ஆழத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

பி2 ஐ எடுக்கிற கறுப்புக்குத் தேவையானது பொறுமை. தாக்குகிறவன் நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும், தாங்குகிறவனுக்கு ஒவ்வொரு நகர்விலும் ஒரே ஒரு சரியான பதில் இருக்கும். நேரில் ஐந்து நிமிடத்தில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். மூன்று நாள் இருந்தால் முடியும். அதனால் என்னைக் கேட்டால் இந்த ஆட்டம் கடிதத்துக்கென்றே செய்தது. சிசிலியனின் இன்னொரு கிளையான டிராகன் ஆடலாமா என்றும் உமக்குத் தோன்றலாம். அதுவும் கூர்மையானதுதான். ஆனால் அதில் வெள்ளைக்கு எச் சிப்பாயைத் தள்ளி வரிசையைத் திறந்து மேட் செய்கிற வேலை மிகச் சுலபமாக விளங்கும், அதனால் எனக்கு அதில் மனம் போகவில்லை.

9. கோட்டை பி1, ராணி ஏ3 க்குப் பிறகு வெள்ளைக்கு இரண்டு பெரிய வழி. ஒன்று 10. இ5 என்று உடனே நடுவை உடைப்பது. மற்றது 10. எஃப்5. அதில் 10... குதிரை சி6. 11. வெள்ளை இ6 இல் வெட்ட, எஃப் சிப்பாயால் திரும்ப வெட்டு. 12. குதிரை சி6 இல் வெட்ட, பி சிப்பாயால் வெட்டு. 13. இ5, டி சிப்பாய் வெட்டு. 14. மந்திரி எஃப்6 இல் வெட்ட, ஜி சிப்பாயால் வெட்டு. 15. குதிரை இ4. கறுப்பின் சிப்பாய்கள் சிதறிக் கிடக்கும், ராஜாவுக்கு ஒளிய இடம் இல்லை, ஆனால் சிப்பாய் கணக்கில் கறுப்பு மேல். ஒருவர் மற்றவரின் ராஜாவைத் துரத்த, கடைசியில் தொடர் செக் வைத்து சமநிலையில் முடிந்த ஆட்டங்கள் இந்த வழியில் ஏராளம். பார்க்கப் பயங்கரம், சரியாக ஆடினால் பாதிப் புள்ளி. முழுப் புள்ளி வேண்டுமென்றால் எதிராளி இடையில் தடுமாற வேண்டும். எஞ்சின் இல்லாத மனிதர் என்றால் தடுமாறுவார்.

எப்படி ஆட வேண்டும் என்று ஒரு முறை சொல்கிறேன், என் பட்டறிவில் வந்தது. திரையிலேயே பார்த்து ஆடாதேயும். மரப்பலகையோ பிளாஸ்ரிக் பலகையோ, தனியாக ஒன்றில் அடுக்கி வையும். எதிராளியின் நகர்வு வந்ததும் உமது பழைய திட்டத்தை மறந்துவிட்டு, அந்த ஒரு நகர்வால் என்ன திறந்தது, என்ன மூடியது என்று பாரும். பி2 ஐ எடுத்த நாளிலிருந்து ராணிக்கு எத்தனை கதவு என்று ஒவ்வொரு முறையும் எண்ணி, கொப்பியில் எழுதும். இரண்டுக்குக் குறைந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைக் கவனியும். நகர்வை இரவில் முடிவு செய்தால் விடிய எழும்பி இன்னொரு தரம் பார்த்த பிறகு அனுப்பும். அப்புறம், நகர்வுக்குப் பக்கத்தில் ‘ஏன்’ என்று ஒரு வரி எழுதும். என் கொப்பியில் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான்.

ஒரே நேரத்தில் இருபது ஆட்டம் எடுக்க வேண்டாம். இதைச் சொன்னால் நீர் கேட்க மாட்டீர் என்று தெரியும்.

எங்கள் இரண்டாவது ஆட்டம் பதினோராவது நகர்வில் நின்றது. அதில் நான் வெள்ளை. 1987 ஒக்டோபரில் இங்கே சண்டை தொடங்கியபோது தபாலும் போச்சு, பிறகு இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கடிதச் செஸ்ஸில் இதெல்லாம் புதினம் இல்லை. அதே 1987 இல் தொடங்கிய 10 ஆவது கடிதச் செஸ் ஒலிம்பியாட் 1995 இல்தான் முடிந்தது. கிழக்கு ஜேர்மனிக்கு வெண்கலப் பதக்கம். அப்படி ஒரு நாடு இல்லாமல் போய் ஐந்து வருடமாகியிருந்தது. கூட்டாளி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எனது கொப்பி மட்டும் 1995 இடம்பெயர்விலும் என்னோடு சாவகச்சேரிப் பக்கம் வந்து திரும்பியது, ஓரம் கறையான் தின்றிருக்கிறது.

போன மாதம் அவன் லிசெஸில் ஒரு கணக்குத் திறந்து எனக்கு அறைகூவல் அனுப்பினான். நகர்வுக்கு ஏழு நாள், அவன் வெள்ளை. ஆறு நகர்வும் ஒரே பின்னேரத்தில் முடிந்துவிட்டன. 7. எஃப்4, ராணி பி6. நான் பலகையை விறாந்தையில் அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மறுநாள் விடிய பார்த்தால் 8. ஏ3.

8... குதிரை சி6 என்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பெட்டியில் அவனது எழுத்து வந்தது: "ஏன்டா, இந்த முறை எது ஆடினாலும் எண்டு எழுதேல்லையோ?"